மேகத்தில் ஏறிய மூத்தார்

எங்கள் பக்கத்துப் பேனர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். உயிரோடு இருப்பவர் கீழே, செத்தவர் மேலே. கீழே நிற்பவருக்கு ஓரம் கத்தரித்த மாதிரி இருக்க வேண்டும். மீசை நுனி, சட்டைக் காலர், பாக்கெட்டில் செருகிய செல்போன் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும். மேலே இருப்பவருக்கு ஓரமே கூடாது. தோள்பட்டை மெல்ல மெல்ல மங்கி மேகத்தோடு கரைந்துவிடும். பக்கத்தில் ஒரு விளக்கோ புறாவோ வைத்தால் இன்னும் உத்தமம். காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம், புதுமனை புகுவிழா, எதுவானாலும் இப்படித்தான்.

நான் இந்தச் சட்டத்தை வைத்துச் சோறு தின்பவள். திருப்போரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணமான புதிதில் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுக்கொண்டது, அது இன்று வரை கைகொடுக்கிறது. வீட்டுக்காரர் ஓ.எம்.ஆர். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும்தான். எனக்குக் கோபம் மூக்கு மேலே நிற்கும் என்று கடை ஓனரே சொல்வார். சொல்லட்டும். ராத்திரி நான் வேலை முடித்துக் கிளம்புகிற வரை கடையைச் சாத்த மாட்டார், அதுவும் உண்மைதான்.

எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு தப்புச் செய்வார்கள். படத்தில் வேண்டாத இடத்தை ரப்பரால் அழிப்பார்கள். அழித்தால் போச்சு, பிறகு தலைகீழாக நின்றாலும் வராது. நான் எதையும் அழிக்க மாட்டேன், மாஸ்க் போடுவேன். மாஸ்க் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு படத்துக்கு முன்னால் கட்டிய திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரையில் கறுப்புப் பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளை பூசினால் தெரியும். சாம்பல் பூசினால் அரைகுறையாக, பின்னால் இருப்பதும் தெரிகிற மாதிரி நிற்கும். அடியில் படம் பத்திரமாக இருக்கும். மறைத்தது போதும் என்று தோன்றினால் வெள்ளையைப் பூச வேண்டியதுதான், ஆள் திரும்பி வந்துவிடுவார். இது இல்லாமல் எங்கள் பக்கத்தில் பேனர் போட்டுப் பிழைக்க முடியாது. இன்றைக்குச் சண்டை போட்டுக்கொண்டு, "அவன் மூஞ்சியத் தூக்கு" என்று வந்து நிற்பவர், நாளைக்கு ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி தின்றுவிட்டு, "எங்க மச்சான் எங்க காணோம்?" என்று நம்மையே கேட்பார்.

மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அவளுக்குப் படூரில் ஒரு கல்லூரியில் ஆபீஸ் வேலை. பையனுக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு வேலை, ஊரும் அதுதான். இருவரும் தாங்களே பார்த்துப் பேசி முடிவு செய்துவிட்டு எங்களிடம் சொன்னார்கள். நல்ல பிள்ளை. மண்டபம் மாமல்லபுரத்திலேயே என்று முடிவாயிற்று. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தாலி கட்டும்போது நான் மேடையில், என் மகள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இது ஒரு ஆசையா என்று கேட்பீர்கள். புருஷன் போனவளுக்கு இது பெரிய ஆசைதான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க என் மூத்தாரும், அதாவது வீட்டுக்காரரின் அண்ணனும், அவர் மனைவியும் என்று பேச்செடுக்கும் முன்பே முடிவாகியிருந்தது. பெற்றவளுக்குச் சமையல்கட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் எத்தனையோ கல்யாணத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் நிற்கும் கும்பலில் அவர்களுக்குப் பெண்ணின் முதுகுகூடத் தெரியாது. நான் அதில் உட்காரப் போவதில்லை என்று நிச்சயதார்த்தம் அன்றைக்கே எனக்குள் முடிவு செய்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை. எப்படிச் செய்வது என்றும் தெரியவில்லை. முதலில் பேனரில் நிற்போம், பிறகு மேடையைப் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன்.

எங்கள் கல்யாண பேனரை நானேதான் செய்தேன். வீட்டுக்காரர் படம் என்று ஒழுங்காக எதுவும் இல்லை. வேன் பக்கத்தில் நின்று எடுத்த ஒன்று மட்டும் நன்றாக இருந்தது. நீலச் சட்டை, பாக்கெட்டில் பேனா, வெயிலுக்கு ஒரு கண் கொஞ்சம் சுருங்கியிருக்கும். மற்ற கடைகளில் செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவார்கள். நான் மாட்டவில்லை, உயிரோடு இருந்தபோது போடாததை இப்போது எதற்குப் போட வேண்டும்? மாஸ்க்கில் மென்மையான பிரஷ்ஷை எடுத்துக் கீழிருந்து மெல்லச் சாம்பல் பூசிக்கொண்டே வந்தேன். எந்த இடத்தில் மனுஷன் மங்கத் தொடங்க வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். கை பாக்கெட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பேனாவை மறைக்க மனசு வரவில்லை. ஊரார் வீட்டு ஆட்களை எத்தனையோ பேரை மேகத்தில் ஏற்றிய கை அது. அழுதேன். ஓனர் பார்க்காத மாதிரி டீ சொல்லப் போனார். பேனாவை விட்டுவிட்டு அதற்குக் கீழே மட்டும் கரைத்தேன்.

நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும். கீழே முதல் வரிசையில் மூத்தார், அவர் மனைவி, அவர்களுக்குப் பக்கத்தில் நான், பிறகு சொந்தபந்தம். எனக்குப் போட்டது மகள் எடுத்த படம், பச்சைப் புடவையில் சிரித்தபடி இருப்பேன். மாஸ்க்கை என் முடி ஓரம் வரை பெரிதாக்கிப் பார்த்து, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டினேன். மண்டப வாசலுக்குப் போகும் பேனரில் நான் பளிச்சென்று நிற்பதைப் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மூத்தார் பேனரைப் பார்க்கக் கடைக்கு வந்தார். திருப்போரூர் பக்கம் மனை வாங்கி விற்பவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றினால் அவரை அவருக்கே அடையாளம் தெரியாது. கெட்டவர் இல்லை, அதுதான் பேஜாரு. தம்பி செத்த அன்றிலிருந்து எங்களுக்காக அலைந்தவர் அவர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே நறுக்கென்று நாலு கேள்வி கேட்டு அனுப்பியிருப்பேன்.

மூத்தார் ஓனருடைய நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நீயும் கீற?"

"ஆமா மாமா. பொண்ணப் பெத்தவ நான்தானே."

"அதுக்கு இல்லம்மா. நல்ல காரியம். வர்றவங்க கண்ணுல மொத படறது பேனரு. நாலு பேரு நாலு பேசுவாங்க. நானும் உங்க அக்காவும் நிக்கிறோம், போதாதா? உன்னத் தூக்கிடு."

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. ஓனர் என்னைப் பார்த்தார், எங்கே கீபோர்டைத் தூக்கி அடித்துவிடுவேனோ என்று. நான் மகளை நினைத்துக்கொண்டேன். மூத்தார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் கல்யாணமே மூஞ்சியைத் தூக்கிக்கொள்ளும். என் படத்தின் மாஸ்க்கில் கறுப்பைக் கொட்டினேன். பச்சைப் புடவை, சிரிப்பு, கஷ்டப்பட்டு வெட்டிய முடி எல்லாம் போயிற்று. ஆனால் அழிக்கவில்லை. அதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்துக்கொண்டேன்.

அவர் அதற்குள் மேலே பார்க்க ஆரம்பித்திருந்தார். தம்பி படத்தைப் பார்த்ததும் குரல் இளகியது.

"தம்பிய சூப்பரா செஞ்சிகிறம்மா. அப்படியே ஒளியிலிருந்து வர்றாப்ல கீது. இன்னா செஞ்ச?"

"ஓரத்தக் கரைச்சி விட்டேன் மாமா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கும் அதே மாரி செய்."

"உங்களுக்கா?"

"கீழ இத்தினி தலையில நானும் ஒரு தலையா? மாப்ள வூட்டு ஆளுங்க பெரிய பெரிய ஆளுங்க வராங்க. தம்பிக்கு எதிர்ல என்னை மேல தூக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மேல நின்னு ஆசீர்வாதம் பண்றாப்ல இருக்கணும்."

"வேணாம் மாமா. மேல போட்டா வேற மாரி ஆயிடும்."

"இன்னா வேற மாரி? கண்ணாடி போட்டுகினு கீறேன், கலர்ல கீறேன். விளக்கு வெச்சா கீற?"

"விளக்கு இல்லன்னாலும் பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க மாமா."

"எனக்கே சொல்லிக் குடுக்கிறியா? திருப்போரூர்ல எத்தினி பேனர் கட்டியிருப்பேன்! போடும்மா, நீ போடு."

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு தரம் சொன்னேன். மூன்றாவது தரம் சொல்லவில்லை, அவ்வளவுதான். என்னைத் தூக்கச் சொன்ன அதே வாய் தன்னை ஏற்றச் சொல்கிறது, ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் தோளையும் வேட்டியையும் மென்மையான பிரஷ்ஷால் கரைத்தேன். அழகாகத்தான் வந்தது. கீழே ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, தனியாகப் பட்டுப்புடவையில் நின்றாள். மூத்தார் திரையைப் பார்த்து ஆனந்தப்பட்டுப் போனார்.

சாயந்திரம் டிசைனை மகளுக்குக் காட்டினேன். பெரியப்பா மேகத்தில் இருப்பதுகூட அவள் கண்ணில் படவில்லை.

"நீ எங்கம்மா?"

"ஃபைல்ல இருக்கேன். மறைச்சிருக்கேன், அழிக்கல."

"ஃபைல்ல இருந்து இன்னா பிரயோஜனம்? வர்றவங்க ஃபைலையா பாக்கப் போறாங்க?"

பெரியப்பாவிடம் தானே பேசுவதாகக் கிளம்பினாள். பிடித்து உட்கார வைத்தேன். அவள் பேசி வாங்கிக் கொடுத்து நான் மேடை ஏறக் கூடாது. அது என் சண்டை. "நீ மருதாணிக்கு டிசைன் பாரு" என்றேன். முறைத்துக்கொண்டே போனாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள். சாயந்திரம் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். மூத்தாரும் ஓரகத்தியும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க விடிந்ததுமே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பேனரும் அவர்கள் காரிலேயே போயிற்று. எனக்கு உத்தரவு: "பொண்ணக் கூட்டிகினு சாயந்தரமா வந்தா போதும். மொதல்ல நீ எதிர்ல வர வேணாம்." நான் வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். மகள் மருதாணிக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணி வாக்கில் செய்யூரிலிருந்து ஒரு சித்தி போன் செய்தாள். எடுத்ததும் ஒப்பாரி.

"ஐயோ, எப்பம்மா ஆச்சி? நல்லாத்தானே இருந்தாரு!"

"யாரு சித்தி?"

"உன் மூத்தாருதான்! போன வாரம்கூடப் பத்திரிகை வெக்க வந்தாரே, ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டுப் போனாரே!"

"அவரு மண்டபத்துல இருக்காரு சித்தி."

"பாடி மண்டபத்துலயா கீது?"

எனக்குப் புரிந்துவிட்டது. சொந்தக்கார வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தேன். யாரோ ஒரு பிள்ளை மண்டப வாசலில் கட்டிய பேனரை போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. தம்பியிடமே போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று ஒருவர். சாவு விழுந்த வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப் போட மாட்டார்களா என்று இன்னொருவர். மகள் எட்டிப் பார்த்துவிட்டு மருதாணிக் கையோடு வாயைப் பொத்தப் போனாள், மூக்கெல்லாம் மருதாணி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது இருவருக்கும். அவளோடு அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்புறம் மூத்தாரே கூப்பிட்டார். "கடைக்கு வாம்மா. ஒடனே வா. நாங்க வந்துகினு கீறோம்." குரல் ஒரு மாதிரியாக இருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது எனக்கு.

நான் ஸ்கூட்டியில் கடைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போடுவதற்குள் கார் வந்து நின்றது. நெம்மேலிப் பாதையில் பறந்து வந்திருக்க வேண்டும். மூத்தார் இறங்கினார், கண்ணாடி இல்லை. பின்னால் ஓரகத்தி, கையில் தாம்பூலத் தட்டோடு. வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"உசுரோட கீறவன மேல ஏத்திட்டியேம்மா!" என்றார் மூத்தார். "வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடறேன். ஒருத்தன் பேனரப் பாத்துட்டு என்னக் கேக்கறான், மேல கீறாரே, அவருக்கு நீங்க தம்பிங்களான்னு. நான்தான்யா அதுன்னு சொல்றேன், தோள்ல தட்டிக் குடுத்து, மனச தேத்திக்கங்கன்றான்!"

ஓனர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். தோள் குலுங்கியது.

"நான் சொன்னேன் மாமா."

"சொன்ன. சொன்ன. இல்லன்னா சொன்னேன்?" அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மாப்ளையோட பெரிய மாமன் தனியாக் கூப்ட்டு, வூட்டுல தீட்டு கீதான்னு கேக்கறாரு. முகூர்த்தம் வெக்கலாமான்னு கேக்கறாரு. எனக்குக் கை காலே ஓடல."

அப்போதுதான் ஓரகத்தி பேசினாள். வழக்கமாக ஊருக்கே கேட்கிற குரல் அவளுடையது, அன்றைக்குப் பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நான் குங்குமத் தட்ட நீட்டறேன்டி. மாப்ள வூட்டுப் பொம்பளைங்க பேனரப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. அதுல ஒருத்தி கைய பின்னால இழுத்துகினா. இன்னொருத்தி கொழந்தைய இழுத்துகினு பின்னால நவுந்தா. எங்கையால குங்குமம் எடுக்க மாட்டேன்னுட்டாங்கடி. நான் இன்னா பாவம் பண்ணேன்?"

தட்டில் குங்குமம் அப்படியே கூம்பாக இருந்தது. ஒரு விரல் படவில்லை. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் நாலு வருஷக் கோபமும் கிளம்பியது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எனக்கு நாலு வருஷமா அப்படித்தான்க்கா" என்றேன். "எங்கையில தட்டே குடுக்கறதில்ல, அதனால யாரும் நவுர்றது உங்க கண்ணுக்குத் தெரியல."

நான் நிறுத்தவில்லை, நிறுத்துகிற இடம் தாண்டிவிட்டது.

"மாமா, உங்கள உசுரோட மேல ஏத்திட்டேன்னு சொன்னீங்க. அரை நாளு தாங்க முடியல உங்களுக்கு. என்னை உசுரோட எடுத்துட்டீங்களே, அது மட்டும் நாயமா? செத்துப் போன உங்க தம்பி வாசல்ல நிக்கலாம். உசுரோட கீற நான் நிக்கக் கூடாது. எந்த ஊரு நாயம் இது?"

ஓனர் தேடுவதை நிறுத்திவிட்டார். வெளியே மாமல்லபுரம் பஸ்ஸுக்குக் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். மூத்தார் தரையைப் பார்த்தார்.

"இப்ப மாத்திக் குடுக்க முடியுமா, முடியாதா?" என்றார் மெல்ல.

"முடியும். நான் எதையும் அழிக்கல. ஆனா இப்ப போடறதுல நானும் இருப்பேன். நாளைக்கு மேடையிலயும் இருப்பேன். இதச் சொல்லித்தான் போடுவேன், அப்புறம் வந்து சண்ட போடக் கூடாது."

நேரம் இல்லாத மனுஷனை மடக்கிக் கேட்டது சரியா என்று சிலர் பிற்பாடு கேட்டார்கள். நேரம் இருந்தபோது யார் எனக்குக் கொடுத்தார்கள்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நான் நாலு வருஷமாக அழாத பிள்ளையாக இருந்து பார்த்துவிட்டேன்.

அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் ஃபைலைத் திறந்தேன். முதலில் அவரை இறக்கினேன். மாஸ்க்கில் வெள்ளை நிரப்பியதும் கரைந்து போயிருந்த தோள் திரும்பி வந்தது, வேட்டிக்கரை வந்தது. ஓரத்தைச் சுத்தமாக வெட்டிக் கீழே அவர் இடத்தில் நிறுத்தினேன். அவர் பெருமூச்சு விட்டார், மூச்சே அப்போதுதான் திரும்பியது போல.

பிறகு என் படத்தின் மாஸ்க்கைத் தொட்டேன். முழுக்கக் கறுப்பு. அதில் வெள்ளையை நிரப்பிவிட்டால் பின்னணியெல்லாம் சேர்ந்து வந்துவிடும், முடியை மறுபடி வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அன்றைக்கே வெட்டி வைத்த பழைய மாஸ்க்கை ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். ஆமாம், வைத்திருந்தேன். மூத்தார் தூக்கச் சொன்னதும், கறுப்பைக் கொட்டும் முன்னால் நான் செய்த முதல் வேலை அதுதான். அதை எடுத்து மாட்டினேன். பச்சைப் புடவை வந்தது. சிரிப்பு வந்தது. பிசிறு இல்லாத முடி வந்தது. என்னை நானே பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஓரகத்தி எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாடி, இத்தினி தள்ளி நிக்கிற? எங்கிட்ட ஒட்டி வா" என்றாள். திரையைத்தான் சொன்னாள். நான் மவுஸைப் பிடித்து என்னை அவளுக்கு நெருக்கமாக நகர்த்தினேன். இரண்டு புடவையும் உரசுகிற மாதிரி வைத்தேன்.

ஓனர் மற்ற வேலையையெல்லாம் நிறுத்திவிட்டு அதை மிஷினில் ஏற்றினார். மை வாசனையோடு முதலில் வானம் வந்தது, பிறகு வீட்டுக்காரர் நெற்றி, சுருங்கிய கண், பாக்கெட் பேனா. கடைசியில் நாங்கள். காயும் வரை மூவரும் அதன் பக்கத்திலேயே நின்றோம். ஓரகத்தி தட்டை நீட்டினாள். நான் தயங்கினேன். "எட்றி. இன்னிக்கு மொத ஆளு நீதான். யாராவது எடுக்கணும்ல" என்றாள். எடுத்தேன். நெற்றியில் வைக்கக் கை போகவில்லை, பழக்கம் விட்டுப் போயிருந்தது. அவளே வைத்துவிட்டாள்.

சாயந்திரம் மகளோடு மண்டபத்தில் இறங்கினேன். பக்கத்துச் சிற்பக் கூடங்களிலிருந்து கல் அறுக்கிற சத்தமும் தூசியும் வந்துகொண்டிருந்தன. வாசலில் புது பேனர். மகள் அதன் முன்னால் நின்று, கார் ஹாரன் அடித்தும் நகராமல் பார்த்தாள். "ஃபைல விட்டு வெளிய வந்துட்ட" என்றாள். உள்ளே மூத்தார் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். செய்யூர்ச் சித்தி மூத்தாருக்குப் போட வாங்கி வந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மாப்பிள்ளை கழுத்தில் போட்டுவிட்டாள்.

காலையில் முகூர்த்தம். பேனரில் நிற்பது வேறு, மேடையில் நிற்பது வேறு என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி வரை யாரும் எதுவும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. யார் போட்டார்களோ தெரியாது. மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார். நான் அந்த நாற்காலியைத் தாண்டி நடந்தேன். அதே பச்சைப் புடவைதான் கட்டியிருந்தேன்.

மேடைப் படிக்கட்டில் வீட்டுக்காரரின் அத்தை ஒருத்தி கையை நீட்டி மறித்தாள். "நீ எங்கம்மா போற? கீழயே இரு, நல்ல நேரத்துல."

"வாசல்ல பாக்கலியா அத்த? நான்தான் பொண்ணோட அம்மா" என்று சொல்லிவிட்டு அவள் கையை மெதுவாக இறக்கிவிட்டுப் படி ஏறினேன். கீழே இருந்த தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. ஏறிய வேகத்தில் மேடை ஓரம் வரைக்கும் போய்விட்டேன், அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. அங்கேயே, தூணோடு தூணாக நின்றேன். நிற்கிறேன் அல்லவா, அது போதும் என்று நினைத்தேன்.

மூத்தார் தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றிருந்தார். அன்றைக்குக் கண்ணாடி மாட்டவில்லை. என்னைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா அங்க போய் நிக்கிற?" என்றார், மேளத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி. "ஓரத்துல நிக்காத. ஓரத்துல நின்னா கரைஞ்சி பூடுவ. நடுவுல வா."

ஓரகத்தி ஒரு அடி தள்ளி இடம் விட்டாள். நான் போனேன். மகள் தலையைத் திருப்பாமலே மருதாணி விரலால் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். மூத்தார் தட்டை என் பக்கம் நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்தேன்.

யாரும் பின்னால் நகரவில்லை.